ஹெர் மில்ஸின் வசைப்பாட்டு

சுவிஸில் சூக்கிலோ லுசேர்ணிலோ பேர்ணிலோ ஏதாவது ஒரு முதியோர் இல்லத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும்,

உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவளிடம் எல்லாரும் புத்தி கேட்கிறார்கள். வேலையில் இருந்தபோது ஒருவரும் கேட்டதில்லை. தூக்குவது, கழுவுவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் நீங்கள் கோர்ஸில் படித்திருப்பீர்கள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. மேலிடம் வாயை மூடச் சொன்னபோது நான் மூடாமல் இருந்த ஒரு கதையைச் சொல்கிறேன். பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் 'இந்த மனுஷிக்கு வாய் கூட' என்று சொல்லிவிட்டுப் போங்கள். எனக்கு அது புதிய பட்டம் இல்லை.

நான் மட்டக்களப்புக்காரி. சூக்கில், ஏரியைப் பார்த்தபடி நிற்கும் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராக இருந்தேன். அந்த ஊரில் காசுக்கும் குறைவில்லை, வெளிநாட்டுக்காரருக்கும் குறைவில்லை. அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் ஹெர் மில்ஸ், எங்கள் பாஷையில் மில்ஸ் ஐயா. ஒரு ஆங்கிலேய முதலாளிக்குக் காரோட்டியாக லண்டனில் இருந்து வந்தவர். முதலாளி கம்பனியை மூடிவிட்டுப் போய்விட்டார், காரோட்டி இங்கேயே தங்கிவிட்டார். முழங்கால் இரண்டும் போய், சக்கர நாற்காலியில் இருந்தார். நாக்கு மட்டும் நல்ல சுகத்தோடு இருந்தது.

அவருடைய மனைவி ஃப்ரௌ மில்ஸுக்குப் பாரிசவாதம். வலப் பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. 'நோ' என்ற ஒரு சொல்தான் மிச்சம். தண்ணீர் வேண்டும் என்றாலும் நோ, போதும் என்றாலும் நோ, ஜன்னலைத் திற என்றாலும் நோ. எந்த நோவுக்கு என்ன அர்த்தம் என்று முகத்தைப் பார்த்துத்தான் நாங்கள் கண்டுபிடிப்போம். இதயமும் பலவீனமாகிக்கொண்டே வந்தது. அதிக காலம் இல்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தார்கள்.

ஹெர் மில்ஸ் தினமும் காலையில் மனைவியின் கட்டில் பக்கத்தில் நாற்காலியைக் கொண்டுபோய் நிறுத்துவார். ஒரு கரண்டியை எடுத்து மேசையில் தட்டிக்கொண்டு பாடத் தொடங்குவார். நடைபாதையின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். எனக்குப் பள்ளிக்கூட ஆங்கிலம் தெரியும். ஆனாலும் அந்தப் பாட்டில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒருநாள் கேட்டேன். (அவரும் நானும் பேசிக்கொண்டது அரைகுறை ஆங்கிலத்திலும் அரைகுறை ஜெர்மனிலும். இங்கே நான் எல்லாரையும் எங்கள் தமிழில்தான் பேசவிட்டிருக்கிறேன். அது என் சௌகரியம்.)

"இது எங்கட தெருப் பாஷை. கொக்னி," என்றார். "லண்டனிலயே மற்றத் தெருக்காரனுக்கு விளங்காது. பிறகு உனக்கு எப்பிடி விளங்கும்?"

லண்டனின் கிழக்குப் பக்கத்தில், சந்தையை ஒட்டிய தெருக்களில் வளர்ந்த ஏழைச் சனத்தின் பேச்சாம் அது. மாடிப் படியைப் படி என்று சொல்ல மாட்டார்களாம், ஆப்பிளும் பேரிக்காயும் என்பார்களாம். மனைவிக்குத் தொல்லையும் சண்டையும் என்று பெயர். காலுக்கு இறைச்சித் தட்டுகள். ஆங்கிலத்தில் சொல்லும்போது ஓசை ஒத்து வரும், அவ்வளவுதான் கணக்கு. பாட்டின் கதை இது: ஒருவன் தன் மனைவியைத் தலை முதல் கால் வரை பழித்துக்கொண்டே போகிறான். அவள் ஊற்றும் தேநீர் ஏரித் தண்ணீர். அவளுடைய பாதத்துக்குச் செருப்புக் கிடையாது, தோணிதான் சரிவரும். அவள் குறட்டை விட்டால் அயலட்டை வீட்டை மாற்றிக்கொண்டு போய்விடும். கடைசியில் அவளைக் கழுதை வண்டியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோகிறான், ஒருவனும் வாங்கவில்லை. திரும்பவும் மேட்டு வழியாக வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வருகிறான்.

நான் சிரித்தேன். கட்டிலில் கிடந்த அந்த அம்மாவின் முகத்தையும் பார்த்தேன். வாயின் இடப் பக்கம் லேசாக மேலே போயிருந்தது.

அந்த நேரம் எங்கள் பிரிவுக்குப் புதிதாக ஒரு தாதி வந்தாள். சுவிஸ் பிள்ளை, படித்தவள், வேலையில் மகா கவனம். ஆங்கிலம் நன்றாகத் தெரியும். பாட்டைக் கேட்டிருக்கிறாள், புரியாத சொற்களை இன்டர்நெட்டில் தேடிப் பிடித்திருக்கிறாள். பேச முடியாமல் படுக்கையில் கிடக்கும் ஒரு பெண்ணைக் கணவன் ஒவ்வொரு நாளும் கேவலப்படுத்துகிறான், விற்றுவிடுவேன் என்கிறான், ஒவ்வொரு வரிக்குப் பிறகும் நிறுத்தி அவளுடைய முகத்தைப் பார்த்து ரசிக்கிறான் என்று எங்கள் பிரிவுத் தலைவியிடம் எழுதிக் கொடுத்துவிட்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். உண்மையாகவே ஒரு மனுஷன் மனைவியைச் சித்திரவதை செய்தால் அதை முதலில் எழுத வேண்டியவள் அவள்தான். அவள் மொழிபெயர்த்ததில் ஒரு சொல்லும் பிழை இல்லை.

பிரிவுத் தலைவி ஹெர் மில்ஸின் மகனைக் கூப்பிட்டாள். மகன் சூரிச்சில் ஏதோ பெரிய வேலை. ஆளைப் பார்த்தால் லண்டன் தெருவுக்கும் அவருக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியாது. அவர் வந்து உட்கார்ந்து, அந்தப் பாட்டைச் சின்ன வயதிலிருந்தே தனக்குப் பிடிக்காது என்று சொன்னார். விருந்தாளிகள் வந்திருக்கும்போதும் அப்பா அதைப் பாடுவாராம், தான் போய்க் கழிப்பறைக்குள் இருந்துகொள்வாராம். முடிவு என்னவென்றால், அப்பாவை எங்கள் இல்லத்தின் இன்னொரு கட்டடத்துக்கு மாற்றுவது. அது மலைப் பக்கம், பஸ் பிடித்துப் போக வேண்டிய தூரம். அம்மாவுக்கு அமைதி வேண்டுமாம். வாரத்துக்கு ஒருமுறை, எங்களில் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது பார்க்கலாமாம். வெள்ளிக்கிழமை மாற்றுவதாக நாளும் குறித்துவிட்டார்கள். அந்த அம்மாவுக்கு எத்தனை வாரம் மிச்சம் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் ராப்போர்ட்டில் இதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்துச் சுகந்தி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். வெளியே வந்ததும், "அக்கா, உங்கட மூஞ்சையைப் பாத்தாலே தெரியுது. தயவுசெய்து பேசாமல் இருங்கோ. நாங்கள் உதவியாளர். தாதி எழுதினதுக்கு எதிரா நாங்கள் எப்பிடிக் கதைக்கிறது?" என்றாள்.

"வாயாலதான்," என்றேன்.

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு போனாள்.

தாதி எழுதியதில் ஒரு இடம் எனக்கு உறுத்தியது. ஒவ்வொரு வரிக்குப் பிறகும் அவர் நிறுத்துகிறார் என்றது உண்மை. நானும் பார்த்திருக்கிறேன். ஏன் நிறுத்துகிறார்?

உங்களில் மட்டக்களப்புப் பிள்ளைகள் இருந்தால் உங்கள் அப்பா அம்மாவிடம் கொம்புமுறியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கண்ணகி அம்மனுக்காக ஊர் இரண்டாகப் பிரிந்து, வடசேரி தென்சேரி என்று நின்று, வளைந்த இரண்டு கொம்புகளைக் கொளுவிக் கயிறு கட்டி இழுக்கும். இழுப்பதைவிட ஏசுவதுதான் பெரிய வேலை. ஒரு சேரி மறு சேரியைப் பாட்டாலேயே நாறடிக்கும். என் அப்பா ஒரு சேரி, அம்மா மறு சேரி. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சோறு கறியோடு ஏச்சும் பரிமாறப்படும். ஆனால் அதில் ஒரு ஒழுங்கு உண்டு. ஒரு சேரி பாடிவிட்டு நிறுத்த வேண்டும். மற்றச் சேரி பதில் பாடும் வரைக்கும் நிற்க வேண்டும். பதில் சொல்ல முடியாதவனை யாரும் ஏசுவதில்லை, அதில் விளையாட்டுக் கிடையாது. இதைப் படிக்காமல் வளர்ந்தவர்களுக்கு ஹெர் மில்ஸ் நிறுத்தும் இடம் சும்மா மௌனமாகத்தான் தெரியும்.

அடுத்த நாள் காலை அவருக்குச் சவரம் செய்துகொண்டே கேட்டேன். "ஹெர் மில்ஸ், நீங்கள் ஏன் இடையில இடையில நிப்பாட்டுறீங்கள்?"

அவர் என்னை மடைச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அது அவளின்ர பங்கு."

"அவவும் பாடுவாவோ?"

"பாடுவாவோவா? பாட்டைத் தொடங்கினதே அவள்தான். கலியாணத்தண்டு சாராயக் கடையில மேசையில ஏறி நிண்டு, எல்லாருக்கும் முன்னால என்ர மானத்தை வாங்கினவள். என்ர பங்கு ஒண்டுமில்லை. அவளின்ர பங்கைக் கேட்டால் உன்ர காது கருகும்."

"இதை அவையளுக்குச் சொல்லுங்கோவன். உங்களை வெள்ளிக்கிழமை இஞ்சையிருந்து மாத்தப் போகினம்."

அவருக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். முகம் சிவந்துவிட்டது. "என்ர மனிசியை ஏசுறதுக்கு நான் ஆரிட்ட அனுமதி கேக்கோணும்? மாட்டன்."

"அப்ப கொஞ்ச நாளைக்குப் பாடாமலாவது இருங்கோவன். இஞ்சையே இருக்கலாம்."

அரைவாசி சவரம் செய்த முகத்தோடு மனைவி படுத்திருந்த பக்கம் திரும்பினார். "நான் பாட்டை நிப்பாட்டினால் அவள் என்ன நினைப்பாள்? இனி இவள் பதில் சொல்ல மாட்டாள் எண்டு நான் முடிவு கட்டிட்டன் எண்டு நினைப்பாள். என்ர வாயாலை அப்பிடி ஒரு சேதியை அவளுக்குச் சொல்லச் சொல்லுறியோ?"

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. எனக்கு இரண்டும் எப்போதும் சேர்ந்துதான் வரும். சவரத்தை முடித்தேன். பிறகு, "சரி, அந்த அம்மாவின்ர பங்கை எனக்கு ஒருக்காச் சொல்லித் தாங்கோ" என்றேன். சொல்லித் தந்தார். காது கருகத்தான் செய்தது.

பிரிவுத் தலைவியின் அறைக்குப் போனேன். என் ஜெர்மனை உங்களுக்குத் தெரியாது. வேற்றுமை உருபு எல்லாம் சந்தைக்குப் போன கழுதைபோல அதன் பாட்டுக்குப் போகும். அந்த ஜெர்மனோடுதான் போனேன். இந்தப் பாட்டு இரண்டு பேர் பாடுவது, நீங்கள் ஒரு பாதியை மட்டும் கேட்டிருக்கிறீர்கள், மற்றப் பாதி ஃப்ரௌ மில்ஸின் வாய்க்குள் இருக்கிறது, வெளியே வரமுடியாமல் நிற்கிறது, அவர் அதற்காகத்தான் காத்திருக்கிறார் என்று சொன்னேன்.

அவள் மரியாதையாகத்தான் கேட்டாள். "நன்றி. குறிச்சு வைக்கிறன். ஆனால் ஃப்ரௌ மில்ஸ் எதையும் உறுதிப்படுத்த ஏலாது. மகன் ஒத்துக்கொண்டிட்டார். வெள்ளிக்கிழமை காலமை நீங்கள்தான் வேலையில. ஹெர் மில்ஸைக் கீழ வாகனத்துக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"மாட்டன்," என்றேன்.

"என்ன?"

"நான் அந்த நாற்காலியைத் தள்ள மாட்டன்."

"இது உங்கட வேலை. மறுத்தால் நான் எழுத்தில எச்சரிக்கை தர வேண்டி வரும். தெரியுந்தானே?"

"தெரியும். எழுதுங்கோ. என்ர பேரில இரண்டு 'என்' எழுத்து வரும், பிழை விட்டிடாதைங்கோ."

கடைசி வசனத்தைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஆனால் சொல்லிவிட்டேன், சொன்னதற்கு வருந்தவும் இல்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த மாத வாடகையைக் கணக்குப் பார்த்தேன். வேலை போனால் என்ன செய்வது என்ற யோசனை எனக்கும் வந்தது. வீராவேசம் பேசுகிறவர்களுக்குப் பயம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வெள்ளிக்கிழமை அறைக்குள் எல்லாரும் வந்து நின்றார்கள். பிரிவுத் தலைவி தானே நாற்காலியின் பிடியைப் பிடித்துக்கொண்டாள். மகன் கையில் சூட்கேஸ். தாதி கதவோரம். நான் கட்டிலின் மற்றப் பக்கம், ஃப்ரௌ மில்ஸின் தலையணையைச் சரிசெய்வதுபோல நின்றுகொண்டேன். அந்த அம்மா சூட்கேஸையே பார்த்துக்கொண்டு, "நோ... நோ..." என்றாள். அந்த நோவுக்கு அர்த்தம் கண்டுபிடிக்க யாருக்கும் கோர்ஸ் தேவைப்படவில்லை.

"ஒருக்காப் பாடிப்போட்டு வாறன்," என்றார் ஹெர் மில்ஸ். யாரையும் கேட்கவில்லை. கரண்டியை எடுத்தார், தட்டினார், தொடங்கினார். மகன் நிலத்தைப் பார்த்தார். சந்தைக்குக் கொண்டுபோன வரி வந்தது. வண்டியில் ஏற்றினேன், ஊரெல்லாம் கூவினேன், ஒருவனும் இவளை வாங்கவில்லை. அதோடு நிறுத்தினார். மனைவியின் முகத்தைப் பார்த்தபடி இருந்தார்.

பிரிவுத் தலைவி நாற்காலியை மெல்லத் திருப்பப் போனாள்.

நான் பாடினேன். கோயில் பஜனையில் என்னை மைக்குக்குப் பக்கத்தில் விட மாட்டார்கள். அந்தக் குரலில், மட்டக்களப்பு ஆங்கிலத்தில், லண்டன் தெருப் பாட்டைப் பாடினேன். ராகமும் போனது, பாதிச் சொல்லும் போனது. ஃப்ரௌ மில்ஸ் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள்.

"அப்பிடி இல்லை."

மகன்தான் சொன்னார். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அவருக்கே தான் பேசியது தெரியாததுபோல இருந்தது. "அம்மா அப்பிடிப் பாடுறேல்லை," என்றார். பிறகு சூட்கேஸைக் கையில் பிடித்தபடியே, கழுத்துப்பட்டியோடும் பளபளத்த சப்பாத்தோடும் நின்று, அப்பாவின் அதே தெருப் பேச்சில் அம்மாவின் பங்கைப் பாடினார். வாங்க வந்தவன் கழுதையைத்தான் கேட்டான், நான் உன்னைக் காட்டிவிட்டேன்.

ஹெர் மில்ஸ் ஒரு நொடிதான் திகைத்தார். உடனே அடுத்த வரியை இரட்டை வேகத்தில் எடுத்தார். மகன் பதில் கொடுத்தார். ஒரு சொல்லும் மறக்கவில்லை. கழிப்பறைக்குள் ஒளிந்திருந்தவருக்கு எல்லாம் மனப்பாடமாக இருந்திருக்கிறது. மூன்றாவது வரிக்கு மகன் வாயைத் திறக்க முன்னமே கட்டிலில் இருந்து சத்தம் வந்தது. நோ நோ நோ, நோ நோ. அதே ராகம், சரியான தாளம். பாட்டு முடியும் இடத்தில் ஃப்ரௌ மில்ஸ் இடக் கையைத் தூக்கிக் கணவனின் மொட்டைத் தலையில் ஒரு அடி வைத்தாள்.

"அங்க பார், அடியோடதான் பாட்டு முடியோணும்," என்று அவர் எங்களுக்கு விளக்கம் சொன்னார். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மகன் சூட்கேஸைத் திறந்து உடுப்புகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப அடுக்கினார். "அப்பா இஞ்சையே இருக்கட்டும்," என்றார். பிரிவுத் தலைவி நாற்காலியின் பிடியை விட்டாள். தாதி அன்றைக்கே தன் குறிப்பைத் திருத்தினாள், யாரும் சொல்லாமலே. எனக்கு எச்சரிக்கை மட்டும் வந்து சேர்ந்தது. உத்தரவை மறுத்தது மறுத்ததுதானாம். வாங்கிக்கொண்டேன். அடுத்த முறையும் தள்ள மாட்டேன் என்று சொல்லித்தான் வாங்கினேன்.

பிள்ளைகளே, காதால் கேட்டதை மட்டும் எழுதாதீர்கள். யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது, சொன்னவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்பதையும் பாருங்கள். பார்த்ததைச் சொல்ல உங்கள் ஜெர்மன் போதாது என்று வெட்கப்படாதீர்கள். போதுமான ஜெர்மன் வரும் வரைக்கும் நோயாளிகள் காத்திருக்க மாட்டார்கள். எச்சரிக்கை வந்தால் வரட்டும், அது வெறும் தாள்.

ஃப்ரௌ மில்ஸ் இளவேனில் தொடங்கும்போது போனாள். கணவர் பக்கத்தில்தான் இருந்தார், கை கைக்குள் இருந்தது. அடக்கம் முடிந்த அடுத்த காலையில் நான் அறைக்குள் போனபோது அந்தக் கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். கட்டில் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஹெர் மில்ஸ் நாற்காலியை நிறுத்திவிட்டு, கரண்டியைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார். தேநீர் ஏரித் தண்ணீர் என்றார், நிறுத்தினார், காத்திருந்தார். பாதம் தோணி என்றார், நிறுத்தினார்.

பிரிவுத் தலைவியும் கேட்டுக்கொண்டு வந்து நின்றாள். பக்கத்தில் குனிந்து, அன்பாகத்தான் கேட்டாள். "ஹெர் மில்ஸ், இனி ஆர் உங்களுக்குப் பதில் சொல்லுறது?"

அவர் கரண்டியை நிறுத்தவில்லை.

"அவசரப்படாதைங்கோ," என்றார். "அவள் நல்லதா ஒண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறாள்."